கட்டிலை ஒளித்த நாள்

1

இங்கே வந்து மூன்று வருஷம் முடிந்துவிட்டது. வீட்டுக்காரர்தான் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். "மூணு வருசம் ஆயிப்போச்சு" என்றார். "ஆமாங்க" என்றேன். எங்கள் பேச்சு அவ்வளவோடு முடிந்தது. அன்றிலிருந்து எதையாவது எழுத வேண்டும் போல இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ஸ்பெயின் நாட்டில், கடலோரத்தில் ஒரு ஊர். இங்கேயும் நம் திருப்பூர் மாதிரி பனியன் துணி ஓட்டுகிறார்கள். கம்பெனிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டும் இருக்கிறார்கள். மூடினவர்களின் பழைய நிட்டிங் மிஷின்களை நம் ஊர் முதலாளிகள் வாங்கினார்கள். மிஷினை மாட்டிக் கொடுக்க இங்கிருந்து ஒரு ஆள் வந்தார். அவருக்கு எங்க வீட்டுக்காரரின் கைவேலை பிடித்துப்போனது. அவர் பின்னாலேயே இவர் வந்தார். இவர் பின்னாலேயே நான் வந்தேன். மகள் வரவில்லை.

மகள் பெயர் கௌசல்யா. நான் கிளம்பும்போது ஒன்பதாவது படித்தாள். பத்தாவது முடியட்டும் என்று குண்டடத்தில் என் அக்கா வீட்டில் விட்டு வந்தேன். பத்தாவது முடிந்தது. பதினொன்றும் முடிந்தது. இந்த ஊர்ச் சட்டப்படி பதினெட்டு ஆவதற்குள் பிள்ளையைக் கூப்பிட எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆனால் அவள் தனி ஆள். அம்மா அப்பா என்று சொல்லிக் கூப்பிட முடியாது. வருகிற மாசியில் அவளுக்குப் பதினெட்டு.

நான் எழுதப்போவது முழுக்க அந்தப் பயம்தான். வெளிநாட்டில் இருக்கிறாளே, இவளுக்கு என்ன குறை என்று ஊரில் நினைப்பீர்கள். குறை ஒன்றும் இல்லை. பயம் இருக்கிறது.

2

வாரத்தில் இரண்டு சாயங்காலம் பாஷை படிக்கப் போகிறேன். சர்ச்சை ஒட்டினாற்போல ஒரு ஹால். சொல்லிக்கொடுப்பவர் ஓய்வு பெற்ற டீச்சர். பெயர் ரொசாரியோ. என்னோடு படிப்பவர்களில் முக்கால்வாசி மொராக்கோ நாட்டுப் பெண்கள். தப்பாக இருந்தாலும் சத்தமாகப் பேசுவார்கள். நான் சரியாகத் தெரிந்ததையும் மெல்லத்தான் சொல்வேன். இந்த ஊரில் இன்னொரு பாஷையும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் தங்களுக்குள் அதைத்தான் பேசுகிறார்கள். அதைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. ஒன்றுக்கே நாக்கு வலிக்கிறது.

முதலில் வணக்கம், நன்றி எல்லாம் படித்தோம். பிறகு வீட்டுச் சாமான்கள். டீச்சர் படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். மேசைக்கு மேசா. அலமாரிக்கு அர்மாரியோ. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பாதி நம்ம பேச்சுதான் போலிருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்தது எதுவும் நம்ம பேச்சு இல்லை. நாற்காலிக்கு சீயா. தலையணைக்கு அல்மோஆதா. விளக்குக்கு லாம்பரா. கட்டிலுக்கு காமா. அந்தக் கடைசி வார்த்தையை நான் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பல வருஷம் நின்றிருக்கிறேன். அங்கே வாய்க்கு வேலை இல்லை. பீஸ் வரும். விரித்துப் பார்ப்பேன். ஓட்டை இருந்தாலும் எண்ணெய்க் கறை இருந்தாலும் தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பேப்பரைக் கிழித்துத் தமிழ் எழுத்தில் பெயரை எழுதி ஒவ்வொரு சாமானிலும் ஒட்டினேன். மேசையில் மேசா. கதவில் புயெர்த்தா. கண்ணாடியில் எஸ்பேஹோ.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஊடு முச்சூடும் டேமேஜ் ஒட்டி வெச்சிருக்கற?"

"படிக்கறதுக்குங்க."

"என்ற மேலயும் ஒண்ணு ஒட்டிரு. அதையும் படிச்சுக்கலாம்."

ஒரு நாள் டீச்சர், உங்கள் வீட்டில் என்னென்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்று வரிசையாகக் கேட்டார். என் முறை வந்தபோது இந்த வீடு நினைவுக்கு வரவில்லை. அருள்புரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுதான் வந்தது. ஒரு பீரோ. டிவிப் பெட்டி. பிளாஸ்டிக் ஸ்டூல். கொடியில் துணி. மூலையில் நிறுத்தி வைத்த பாய்கள். பாய்க்கு என்ன சொல்வது என்று கேட்டேன். விரித்துக் காட்டினேன், படுத்துக் காட்டினேன், சுருட்டிக் காட்டினேன், எல்லாம் கையாலேயே. டீச்சர் யோசித்து ஒரு வார்த்தை சொன்னார். அது வாசலில் கால் துடைக்கப் போடுகிற சாமானின் பெயர் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு டீச்சர் இரக்கப்பட்டு என் தோளைத் தொட்டுப் பேசினார். எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு பாயைப் பற்றி நான் பேசவில்லை.

3

பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால் அவளுக்கு இடம் காட்ட வேண்டும். முன்னே நாங்கள் இருந்தது இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வீட்டில். ஒரு அறைதான் எங்களுடையது. அங்கே காட்ட ஒன்றும் இல்லை. போன வருஷம்தான் மாடியில் இந்த வீடு கிடைத்தது. பெரிய அறை ஒன்று, சின்ன அறை ஒன்று. சின்ன அறையில் ஜன்னல் உண்டு. வந்த அன்றைக்கே அதைக் கௌசல்யாவின் அறை என்று சொல்லத் தொடங்கிவிட்டோம்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். வாரத்தில் ஒரு சாயங்காலம் வேண்டாத சாமான்களைத் தெருவில் வைத்துவிடுவார்கள். நகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். நல்ல நாற்காலியை எப்படித் தெருவில் போட மனசு வருகிறதோ தெரியவில்லை. மகளின் கட்டில் அப்படிக் கிடைத்ததுதான். வெள்ளைக் கட்டில், ஒற்றை ஆளுக்கு. ஒரு கால் ஆடியது. மிஷினில் மாட்டுகிற பழைய போல்ட் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுக்காரர் முடுக்கினார். பிறகு ஆடவில்லை. ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி, தலைமாட்டு விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. துடைத்து அந்த அறையில் வைத்தோம். தினமும் நான் அந்த அறைக்குள் போய் வருவேன். வேலை ஒன்றும் இருக்காது. சும்மா போய் நின்றுவிட்டு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் கடைக்குப் போவோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேச வேண்டும். குண்டடத்தில் அக்கா மகன் செல் வைத்திருக்கிறான். முதல் வருஷம் கௌசல்யா அழுவாள். "எப்பம்மா வந்து கூட்டீட்டுப் போவ?" என்பாள். இரண்டாவது வருஷம் பள்ளிக்கூடக் கதைகள் சொன்னாள். மூன்றாவது வருஷம் நான் கேட்டால் "ம்" என்பாள். பிறகு "இருங்க, பெரியம்மாகிட்டக் குடுக்கறேன்" என்பாள்.

என்னை அவள் வாங்க போங்க என்று பேச ஆரம்பித்தது எப்போது என்று எனக்குப் பிடிபடவில்லை. வெளியாட்களிடம் நாம் அப்படித்தான் பேசுவோம். மரியாதை நல்லதுதான்.

ஒரு தடவை, "நம்மூட்டு எருமை கன்னு போட்டுருச்சுங்க" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. எந்த வீட்டு எருமை என்று கேட்டேன். "நம்மூட்டுதுதாங்க" என்றாள். அக்கா வீட்டைச் சொல்கிறாள். அக்காவுக்குத் தேவி என்று ஒரு மகள். இவள் வயசுதான். இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே போர்வைக்குள் படுக்கிறார்களாம். அக்கா பெருமையாகச் சொன்னாள். அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு அதுவும் பயமாக இருந்தது.

4

வீட்டுக்காரர் கொடுத்திருந்த மனுவுக்கு ஐப்பசி வாக்கில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டீச்சர் படித்து, மெதுவாகச் சொன்னார். ஒரு அதிகாரி வீட்டைப் பார்க்க வருவார். எத்தனை அறை, எத்தனை பேர் என்று பார்ப்பார். பிள்ளை வந்து இருக்க வீடு தோதானதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பார், அது இருந்தால்தான் பிள்ளையைக் கூப்பிட முடியும். அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தால் எழுதிக் கொடுக்க மாட்டார். எனக்காக டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். எனக்குள் ஒட்டியது கடைசியில் சொன்னது மட்டும்தான். ஆள் எண்ண வருகிறார்கள்.

ஆள் எண்ணுவது என்றால் என்ன என்று லைன் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அருள்புரத்தில் எங்கள் லைனில் வரிசையாக வீடுகள். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வீட்டில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்று ஓனரம்மா பேசித்தான் விடுவார். நான்கு பேர் இருந்த வீடு ஒன்றுகூட அந்த லைனில் இல்லை. ஊரிலிருந்து கொழுந்தன் வேலை தேடி வருவான். அக்கா மகன் வருவான். கம்பெனி வேலை என்று வருகிறவர்களை எங்கே போகச் சொல்வது?

ஓனரம்மா முதலில் வீட்டுக்குள் பார்க்க மாட்டார். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பார்.

"ஏனுங், உங்கூட்டுல செருப்பு குட்டி போடுதாட்ட இருக்குதுங்களே?" என்பார்.

பிறகுதான் உள்ளே வருவார். பாயை எண்ணுவார், தட்டை எண்ணுவார். அதனால் ஓனரம்மா தெருமுனையில் வருகிறார் என்று தெரிந்ததுமே லைன் முழுக்க வேலை நடக்கும். செருப்பு அரிசி டிரம்முக்குப் பின்னால் போகும். கூடுதல் பாயெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செல்வி அக்கா இருந்தார். எங்கள் பாய் அங்கே போகும். அவர்கள் வீட்டுக்கு ஓனரம்மா போவதற்குள் அவர்கள் பாயும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு தடவை எங்கள் பாய் அங்கே மாட்டிக்கொண்டது. இது யாருது என்று ஓனரம்மா கேட்டார். செல்வி அக்கா முகம் மாறாமல், "எங்களுதுதான் அம்மா, சொந்தக்காரங்க வந்திருந்தாவ" என்று சொல்லிவிட்டார். திட்டு முழுக்க அவர் வாங்கினார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லைன் வீட்டுச் சட்டம் அதுதான். ஒருத்தர் வீட்டு ஆளை இன்னொருத்தர் காட்டிக்கொடுக்கக் கூடாது.

5

அதிகாரி வருகிற நாளில் வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட். லீவு கேட்டார், தரவில்லை. அந்தச் சமயம் பக்கத்துக் கம்பெனிகள் மூடிக்கொண்டிருந்தன. அழுத்திக் கேட்க அவருக்கும் பயம். கிளம்பும்போது, "எல்லாந்தான் இருக்குதே. நீ கதவத் தொறந்து காமி, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். மகள் அறைக்குள் போனேன். கட்டிலுக்கு முன்னால் நின்று ஆளை எண்ணிப் பார்த்தேன். நகராட்சிக் கணக்கில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மூன்றாவது ஆளுக்குக் கட்டில் போட்டு, தலையணை வைத்து, போர்வை விரித்து வைத்திருக்கிறோம். இது யாருக்கு என்று கேட்டால்? மகளுக்கு. மகள் எங்கே? ஊரில். ஊரில் இருக்கிறவளுக்கு இங்கே எதற்குக் கட்டில்? யாரை வைத்திருக்கிறாய், எங்கே ஒளித்தாய்? ஓனரம்மா அப்படித்தான் கேட்பார். பதில் சொல்ல எனக்குச் சாமான் பெயர்கள் மட்டும்தான் தெரியும்.

மேல் மாடிக்கு ஓடினேன். மேல் வீட்டில் மரிசோல் இருக்கிறாள். ஈக்வடார் என்ற நாட்டுக்காரி. கதவுக்குப் பின்னால் நின்று யார் என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். அவள் வீட்டில் கணக்கில் இருப்பது அவளும் பிள்ளைகளும். கணக்கில் இல்லாமல் தம்பிகளும் அவர்கள் பெண்டாட்டிகளும் இருந்தார்கள். இந்த நாட்டில் இருக்க அவர்களுக்குப் பேப்பர் கிடையாது. நான் தெரிந்த வார்த்தைகளைப் போட்டுச் சொன்னேன். காமா, மேசா, சீயா, லாம்பரா, நகராட்சி, எண்ணுவது. முழுக்கச் சொல்லி முடிக்குமுன்பே அவள் தம்பிகளைக் கூப்பிட்டாள். வந்து கழற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒளிக்கிறது என்றால் எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. எனக்கு ஊரில் இருந்தது போலத் தைரியமாக இருந்தது.

காலி அறையை பினாயில் மாதிரி ஒன்று ஊற்றித் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. ஒட்டி வைத்திருந்த பெயர்ப் பேப்பர்களையும் எல்லா இடத்திலிருந்தும் உரித்து எடுத்தேன். வாசலில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் வைத்தேன்.

அதிகாரி ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். கையில் அளவு டேப். சமையலறை பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், பெரிய அறையை அளந்தார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். நான் கூடவே நடந்தேன். பிறகு சின்ன அறைக் கதவைத் திறந்தார். நின்றுவிட்டார்.

நான் படித்த வார்த்தையைச் சொன்னேன். "லிம்பியோ." சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார். மகள் என்ற வார்த்தையும் தூங்குவது என்ற வார்த்தையும் எங்கே என்ற வார்த்தையும் எனக்குத் தெரிந்தன. மூன்றையும் சேர்த்ததும் நான் செய்துவைத்த வேலை என்னவென்று புரிந்துவிட்டது.

அவர் வந்தது ஆளைக் குறைக்க அல்ல. ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க. மகளுக்கு இருந்த ஒரே இடத்தை நானே என் கையால் துடைத்து வைத்திருக்கிறேன்.

"காமா?" என்று அதிகாரி கேட்டார்.

"சி, காமா" என்றேன். இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எங்கே என்று கேட்டார். நான் பல வீடுகளில் மாடிப்படி துடைக்கிற வேலை பார்க்கிறேன். மேலே என்பதற்கு வார்த்தை தெரியும். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அர்ரீபா."

அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படி ஏறத் தொடங்கினார். நான் பின்னால் ஏறினேன். மரிசோல் வீட்டிலிருந்து பிள்ளைகள் சத்தமும் டிவி சத்தமும் வந்துகொண்டிருந்தன. புது ஆளின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் ஒவ்வொன்றாக நின்றது. பிள்ளைகள் சத்தம் நின்றது. டிவி நின்றது. அந்த அமைதி எனக்குத் தெரியும். உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தக் கதவைத் தட்டினால் என் மகளின் கட்டில் வெளியே வந்துவிடும். கூடவே அந்த வீட்டு ஆட்களும் வந்துவிடுவார்கள். இன்னொரு தடவை எழுதிப் போட்டு, இன்னொரு ஆள் வந்து பார்ப்பதற்குள் மாசி வந்துவிட்டால் என் மகள் வர முடியாது. இரண்டும் என் கண் முன்னால் நின்றன. நான் பெரிய மனுஷி இல்லை. தட்டட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதிகாரி கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டார். கையைத் தூக்கிவிட்டார்.

அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அதிகாரியைத் தொடலாமா கூடாதா என்றெல்லாம் தோன்றவில்லை. "இல்லை, மேலே இல்லை, கீழே" என்று அவர் பாஷையில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பொய் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். ஆனாலும் என்னோடு இறங்கி வந்தார்.

மறுபடியும் அந்தக் காலி அறை. கதவைச் சாத்தினேன். சொல்ல வார்த்தை இல்லை. பெரிய அறை அலமாரிக்கு மேலே ஊரிலிருந்து கொண்டுவந்த பாய் இருந்தது. எடுத்துவந்து ஜன்னலுக்குக் கீழே விரித்தேன். அதில் படுத்தேன்.

"காமா, இங்கே" என்றேன். தலைக்கு மேலே கையை நீட்டி, "மேசா. லாம்பரா" என்றேன். காலைக் காட்டி, "சீயா" என்றேன். "கௌசல்யா. மகள். இங்கே தலை. இங்கே கால்." மகள் என் உயரம் வந்துவிட்டாள் என்று அக்கா சொல்லியிருந்தாள். அதனால் நான் படுத்தால் அவள் அளவு சரியாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி முட்டி போட்டு உட்கார்ந்தார். டேப்பை இழுத்துச் சுவரிலிருந்து என் கால் வரைக்கும் அளந்தார். ஜன்னலை அளந்தார். என்னை அளக்கும்போது அவர் கையும் டேப்பும் கணுக்காலில் பட்டது. சில்லென்று இருந்தது. முடித்துவிட்டு கை கொடுத்து என்னை எழுப்பினார். "த்ராங்கிலா" என்றார். அமைதியாக இரு என்று அர்த்தம். இந்த ஊரில் அதை எல்லோரும் எல்லோருக்கும் சொல்வார்கள். பிறகு காலண்டரை எடுத்து அடுத்த வாரத்தில் ஒரு நாளைத் தொட்டுக் காட்டினார். மறுபடியும் வருவோம், கட்டிலோடு இருக்க வேண்டும் என்று கையாலும் வாயாலும் சொன்னார். மேலே இருக்கிறது என்று ஏன் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை.

அவர் போன பிறகு அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மரிசோலும் தம்பிகளும் கட்டிலைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார்கள். படியில் செருப்புச் சத்தம் வந்து நின்று திரும்பியதை அவர்கள் உள்ளிருந்து கேட்டிருக்கிறார்கள். மரிசோல் தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். சாப்பிட்டார். கை கழுவி வந்து, "செருப்பையும் ஒளிச்சயா?" என்று கேட்டார். இல்லைங்க, ஒரு ஜோடி வெச்சேன் என்றேன். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

6

அடுத்த தடவை வந்தது வேறு ஆள். ஒரு பையன், காதில் கடுக்கன். சின்ன அறை வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான், எழுதினான், போய்விட்டான். உள்ளேகூட வரவில்லை. அவன் போன பிறகு எனக்குக் கோபமாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மார்கழி பிறந்ததும் பேப்பர் வந்தது. கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. டீச்சர் படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். மொராக்கோ பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை மாதிரி போட்டார்கள். நம் ஊர்க் குலவை மாதிரியேதான் இருந்தது.

7

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் கடைக்குப் போனோம். முதலில் வீட்டுக்காரர் பேசினார். "கண்ணு, பேப்பர் வந்துருச்சு" என்றார். பிறகு அக்காவிடம் பேசினேன். அக்கா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றாள். பிறகு கௌசல்யா வந்தாள்.

அதிகாரி வந்த கதையை நான் அவளிடம் அதுவரை சொல்லவில்லை. இப்போது எல்லாம் முடிந்துவிட்டதே என்று சிரிப்புக் கதை மாதிரி சொன்னேன். கட்டிலை ஒளித்தது, அதிகாரியை இழுத்தது, தரையில் படுத்தது. அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உனக்குத் தனி அறை, ஜன்னல் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மேசை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது எனக்குத் தெரியவில்லை.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"அந்த ரூம்புல நான் ஒண்டியாவா படுக்கோணும்?"

பிறந்ததிலிருந்து அவள் தனியாகப் படுத்ததில்லை. அருள்புரத்தில் எனக்கும் சுவருக்கும் நடுவில் படுத்தாள். குண்டடத்தில் தேவியோடு. அவள் தனியாகப் படுக்க ஓர் இடம் காட்டத்தான் நான் இந்தப் பாடு பட்டேன்.

"நான் பக்கத்துல படுத்துக்கறேன்" என்றேன்.

"எத்தன நாளைக்குங்க?"

"உனக்குப் பயம் போற வரைக்கும்."

பின்னால் தேவி ஏதோ கேட்பது கேட்டது. இவள் போனைப் பொத்திக்கொண்டு ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. பிறகு போனுக்கு வந்து, "சரிங்கம்மா" என்றாள்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் என்ன சொன்னாள் என்று கேட்டார். சரி என்று சொன்னாள் என்றேன். அவருக்குச் சந்தோஷம். தெரு முழுக்கப் பேசிக்கொண்டே நடந்தார். தை மாதத்தில் வருகிறாள், என்ன வாங்கி வைக்கலாம், எந்தப் பள்ளிக்கூடம் என்று பேசினார்.

எனக்கு அந்தச் சரியைத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர் இங்கிருந்து போன் செய்து கிளம்பி வா என்று சொன்னபோது, அருள்புரத்தில் மெடிக்கல் ஷாப் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்று நானும் அதே சரியைத்தான் சொன்னேன். அன்றைக்கும் இவர் இப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்பார்.